கையெழுத்தால் உயிர் காத்த தூதர்கள்: அந்த விசாக்கள் எப்படிச் செல்லுபடியாயின?

கேள்வி: "ஜெர்மனியின் கூட்டாளியான ஜப்பானின் துணைத் தூதர் சுகிஹாரா, மேலிட உத்தரவை மீறி ஆறாயிரம் யூதர்களுக்கு விசா கொடுத்துக் காப்பாற்றினார் என்கிறார்கள். அனுமதியில்லாமல் கொடுத்த விசா எப்படிச் செல்லுபடியானது? டோக்கியோ ஏன் அதை ரத்து செய்யவில்லை? இவரைப் போல வேறு யாரும் உண்டா? அவர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது?"

முதலில் இரண்டு திருத்தங்கள். சுகிஹாரா அந்த விசாக்களை எழுதியது 1940 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். ஜெர்மனி, இத்தாலியோடு ஜப்பான் முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதன் பிறகு, செப்டம்பர் 27 அன்று. இரண்டாவது, அப்போது லித்துவேனியாவில் ஜெர்மன் படை இல்லை. ஜூன் 15 அன்று நாட்டுக்குள் நுழைந்திருந்தது சோவியத் படை. விசாவுக்காக நின்ற கூட்டத்தில் பெரும்பாலோர் 1939-ல் போலந்து துண்டாடப்பட்டபோது அங்கிருந்து வில்னியுஸ் பகுதிக்கு ஓடிவந்த யூத அகதிகள். மேற்கே போனால் ஜெர்மனி, இருந்த இடத்தில் சோவியத் ஆட்சி. மிச்சமிருந்த ஒரே திசை கிழக்கு.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள விசாவைத் தனியாகப் பார்க்கக் கூடாது. சுகிஹாரா பணியாற்றிய லித்துவேனிய நகரமான கௌனாஸிலிருந்து அகதி ஒருவர் வெளியேற ஐந்து தாள்கள் வேண்டும். ஒன்று, பாஸ்போர்ட் அல்லது அதற்கு ஈடான பயண ஆவணம். இரண்டு, போய்ச் சேரும் நாட்டின் அனுமதி. மூன்று, இடையில் கடக்கும் நாட்டின் டிரான்சிட் விசா. நான்கு, சோவியத் அரசின் வெளியேறும் அனுமதி. ஐந்து, பயணச்சீட்டு. ஒவ்வொன்றும் முந்தையதைக் காட்டினால்தான் கிடைக்கும். போய்ச் சேரும் நாடு இல்லையென்றால் டிரான்சிட் இல்லை. டிரான்சிட் இல்லையென்றால் வெளியேறும் அனுமதி இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டாவது தாளைக் கொடுக்கத் தயங்கின என்பதால் மொத்தச் சங்கிலியும் அங்கேயே அறுந்து கிடந்தது.

அந்த இரண்டாவது தாளைத் தந்தவர் சுகிஹாரா அல்ல. யான் ஸ்வார்டென்டைக் என்ற டச்சுக்காரர். சுகிஹாராவைப் பற்றி எழுதும் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இவர் இல்லாமல் சுகிஹாராவின் பேனாவுக்கு வேலையே இருந்திருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்வார்டென்டைக் தொழில்முறைத் தூதர் அல்ல. கௌனாஸில் பிலிப்ஸ் நிறுவனத்தின் பிரதிநிதி; ரேடியோவும் மின்விளக்கும் விற்பது அவர் வேலை. அங்கிருந்த டச்சு துணைத் தூதர் நாஜி ஆதரவாளர் என்று சந்தேகிக்கப்பட்டதால், லாட்வியத் தலைநகர் ரிகாவில் இருந்த டச்சுத் தூதர் டெ டெக்கர் 1940 ஜூனில் இவரைத் தற்காலிகத் துணைத் தூதராக நியமித்தார். அலுவலகம் லைஸ்வேஸ் அலேயா என்ற பெரிய தெருவில் இருந்த பிலிப்ஸ் அலுவலகமேதான்.

அப்போது பெஸ்லா லெவின் என்ற பெண், டச்சுக் குடிமகளாகப் பிறந்து போலந்துக்காரரை மணந்தவர், டெ டெக்கருக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார். தென்னமெரிக்காவை ஒட்டிய டச்சுக் காலனிகளான சுரினாமுக்கும் குராசோவுக்கும் போக வழி உண்டா என்பது கேள்வி. விதி இதுதான்: அங்கே போக விசா தேவையில்லை, ஆனால் காலனியின் ஆளுநர் தரும் இறங்கும் அனுமதி வேண்டும், அதை அவர் தருவது அபூர்வம். டெ டெக்கர் ஜூலை 11 அன்று அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டில் விதியின் முதல் பாதியை மட்டும் எழுதினார். ஆளுநரைப் பற்றிய இரண்டாவது பாதியை விட்டுவிட்டார்.

ஸ்வார்டென்டைக் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார். அவர் எழுதியது பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம். "சுரினாம், குராசோ மற்றும் அமெரிக்காவிலுள்ள பிற டச்சு உடைமைகளுக்குள் அயல்நாட்டார் நுழைவதற்கு நுழைவு விசா தேவையில்லை என்று கௌனாஸிலுள்ள நெதர்லாந்து துணைத் தூதரகம் இதன்மூலம் அறிவிக்கிறது" என்பது அதன் பொருள். இதை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். இதில் எங்கும் பொய் இல்லை. இது விசாவும் இல்லை. விசா தேவையில்லை என்று சொல்லும் ஓர் அறிவிப்பு, அவ்வளவே. ஆனால் பாஸ்போர்ட்டில் முத்திரையோடும் கையெழுத்தோடும் பார்க்கும் அதிகாரிக்கு அது போய்ச் சேரும் நாட்டின் அனுமதி மாதிரியே தெரியும். முதலில் கையால் எழுதினார். கூட்டம் பெருகியதும் வாக்கியத்தை ரப்பர் ஸ்டாம்ப்பாகச் செய்துகொண்டு கையெழுத்து மட்டும் போட்டார். ஜூலை 24-க்கும் ஆகஸ்ட் தொடக்கத்துக்கும் இடையே, ஏறத்தாழ பத்து நாளில், 2,000-க்கு மேல் கொடுத்தார். ஆகஸ்ட் 3 அன்று லித்துவேனியா சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டபோது அலுவலகம் மூடப்பட்டது. ஆவணங்களை அவரே எரித்தார். அகதிகளில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. "மிஸ்டர் பிலிப்ஸ் ரேடியோ" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஸ்டாம்ப் குத்திய பாஸ்போர்ட்டோடு அவர்கள் போனது வைஸ்கன்டோ தெரு 30-ஆம் எண் வீட்டுக்கு. கீழ்த்தளம் ஜப்பானியத் துணைத் தூதரக அலுவலகம், மேலே சியுனே சுகிஹாராவின் குடும்பம். கௌனாஸில் அதற்குமுன் ஜப்பானியத் தூதரகமே கிடையாது. 1939 இலையுதிர்காலத்தில் திறந்தார்கள். ரஷ்ய மொழி சரளமாக அறிந்த சுகிஹாராவை அங்கே வைத்ததன் நோக்கம் ஜெர்மன், சோவியத் படை நகர்வுகளைக் கவனிப்பது. விசா வேலை சொற்பம்.

அவருக்கு இருந்த விதி தெளிவானது. டிரான்சிட் விசா கேட்பவரிடம் போய்ச் சேரும் நாட்டின் முறையான அனுமதி இருக்க வேண்டும். ஜப்பானில் தங்கும் நாட்களுக்கும் மேற்கொண்டு பயணத்துக்கும் போதிய பணம் இருக்க வேண்டும். இங்கேதான் "உத்தரவை மீறினார்" என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று முறை தந்தியடித்து மூன்று முறையும் டோக்கியோ மறுத்தது என்பது பின்னாளில் குடும்பத்தார் நினைவுகூர்ந்தது. இன்று பார்க்கக் கிடைக்கும் தந்திகளில், யூதர்களுக்கு விசா கொடுக்காதே என்று ஒரு வரி இல்லை. இந்த நிபந்தனைகள் நிறைவேறாதவருக்குக் கொடுக்காதே என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சுகிஹாரா நிபந்தனையை மீறினார். பணம் இல்லாதவருக்குக் கொடுத்தார். குராசோ ஸ்டாம்ப் வெறும் அறிவிப்பு என்று தெரிந்தே அதை ஏற்றுக்கொண்டார். ஸ்வார்டென்டைக்கின் அலுவலகம் மூடிய பிறகு அந்த ஸ்டாம்ப்கூட இல்லாமல் வந்தவர்களுக்கும் எழுதினார். விதியை மேலோட்டமாகப் படித்துத் தவறிய அதிகாரி இல்லை அவர். விதியை வரி வரியாகத் தெரிந்துகொண்டு மீறியவர். என் கணக்கில் அது பெரிய துணிச்சல்.

ஆகஸ்ட் 16 அன்று வெளியுறவு அமைச்சர் மட்சுவோகாவிடமிருந்து தந்தி வந்தது. லித்துவேனியாவிலிருந்து உங்கள் விசாவோடு வருபவர்களிடம் பணமும் இல்லை, போய்ச் சேரும் நாட்டின் நடைமுறையும் முடியவில்லை. தரையிறங்க விட முடியாமல் தொல்லையாக இருக்கிறது என்பது சாரம். சுகிஹாரா அதற்குப் பதில் அனுப்பியது செப்டம்பர் 1 அன்றுதான். பக்கத்தில் வேறு டிரான்சிட் நாடே கிடையாது, சோவியத்தின் கிழக்குக் கோடித் துறைமுகமான விளாடிவோஸ்டோக்கில் கப்பல் ஏறுவதற்குள் மற்ற ஏற்பாடுகளை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறேன் என்று எழுதினார். தந்தி வந்ததற்கும் பதில் போனதற்கும் இடையிலான இரண்டு வாரமும் அவர் விசா எழுதிக்கொண்டேயிருந்தார். தூதரகங்களைக் காலிசெய்யச் சொல்லி சோவியத் அரசு விதித்த கெடுவையும் நீட்டிக்கச் செய்திருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஓட்டலிலும் ரயில் நிலையத்திலும்கூட எழுதிக் கொடுத்தார்.

ஒரு விசாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சாதாரணமான தாள் என்பது தெரியும். ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாகச் சில வரிகள். ஆரம்பத்தில் தூரிகையோட்டமாகக் கையெழுத்து, பிறகு அந்த வரிகளுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. "ஜப்பான் வழியாக சுரினாம், குராசோ மற்றும் பிற டச்சுக் காலனிகளுக்குச் செல்லும் பயணத்துக்காகப் பார்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தேதி. வட்ட முத்திரை. கட்டணம் 2 லிட்டாஸ் (லித்துவேனிய நாணயம்). பலரிடம் பாஸ்போர்ட் இல்லை. போலந்து தூதரகம் மூடப்பட்டபின் கொடுக்கப்பட்ட தற்காலிகப் பயணத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதெல்லாம் குத்தப்பட்டிருக்கிறது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: டோக்கியோ ஏன் ரத்து செய்யவில்லை? முதல் காரணம், விசா எழுதிய கணமே அந்தத் தாள் அகதியின் கைக்குப் போய்விடுகிறது. யாரிடம் எந்த எண் இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் ரத்து செய்ய முடியாது. சுகிஹாரா 2,140 பெயர்கள் கொண்ட பட்டியலை டோக்கியோவுக்கு அனுப்பியது 1941 பிப்ரவரியில், அப்போது அவர் பிராகில் இருந்தார். அதற்குள் பலர் ஜப்பானில் இறங்கிவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் ஒரு மனிதர். விளாடிவோஸ்டோக்கில் தற்காலிகத் துணைத் தூதராக இருந்த நேய் சபுரோ. அகதிகள் கப்பல் ஏறுவதற்குமுன் விசாக்களை மறுபடியும் சோதித்துத் தகுதியில்லாதவர்களை நிறுத்தும்படி 1941-ல் டோக்கியோ அவரிடம் சொன்னது. மார்ச் 30 தேதியிட்ட அவருடைய பதில் தந்தி இருக்கிறது. இவர்கள் நம் பேரரசின் தூதரகம் கொடுத்த விசாவை நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். போய்ச் சேரும் இடம் மத்திய அமெரிக்கா என்பதை மட்டும் காரணம் காட்டி ஒட்டுமொத்தமாக மறுத்தால் நம் தூதரக விசாவின் மதிப்பே கெடும் என்று எழுதினார். கருணை என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. மேலிடம் மறுக்க முடியாத சொல் எதுவோ அதைப் பயன்படுத்தினார். விசாவே இல்லாமல் வந்த சிலருக்கும் அவர் பயண ஆவணம் கொடுத்தார். இவரை ஜப்பானிலேயே வெகுகாலம் யாரும் பேசவில்லை.

நடுவில் இருந்த சோவியத் அனுமதிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. விண்ணப்பம் போவது என்.கே.வி.டி. எனும் ரகசியப் போலீஸிடம். வெளியே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே, சோவியத் குடியுரிமை எனக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். அனுமதி மறுக்கப்பட்டால் சைபீரியா முகாம்தான் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் விசாவைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் உண்டு. ஆனாலும் சோவியத் அரசு ஆயிரக்கணக்கானோரை விட்டது. காரணங்களில் ஒன்று பணம். ட்ரான்ஸ்-சைபீரிய ரயில் டிக்கெட்டை அரசு சுற்றுலா நிறுவனமான இன்டூரிஸ்டில் அமெரிக்க டாலரில் வாங்க வேண்டும். ஒருவருக்கு இருநூறு டாலரை ஒட்டி ஆனது. அதே சமயம் டாலர் வைத்திருப்பது சட்டவிரோதம். அமெரிக்க யூத நிவாரண அமைப்பான ஜாயின்ட் நேரடியாகப் பணம் கட்டியும், உறவினர்கள் தந்திமூலம் அனுப்பியும் இது சமாளிக்கப்பட்டது. பணம் வந்து சேராதவருக்கு விசா வெறும் தாள்.

கிட்டத்தட்ட இரண்டு வாரம் ரயிலில் போய் விளாடிவோஸ்டோக், அங்கிருந்து அமகுசா மாரு போன்ற சிறிய கப்பலில் சுருகா துறைமுகம், பிறகு கோபே. சுருகாவில் 1941 மார்ச்சில் எழுபதுக்கும் மேற்பட்டோரை இறங்க விடாமல் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் குராசோ ஸ்டாம்ப் இல்லை. கோபேயிலிருந்த டச்சுத் துணைத் தூதர் டெ ஃபோக்ட் அதே வாக்கியத்தை எழுதித் தர, அடுத்த பயணத்தில் வந்து இறங்கினார்கள். ஒரு வாக்கியம் இருந்தால் மனிதர், இல்லையென்றால் திரும்பிப் போகும் சரக்கு. இதைவிடத் தெளிவாக அந்தக் காலத்தைச் சொல்ல என்னால் முடியாது.

கோபேயில் இறங்கியபின் அடுத்த சிக்கல். டிரான்சிட் விசாவில் தங்க இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே அனுமதி. குராசோவுக்குப் போக யாருக்கும் வழியில்லை, எண்ணமும் இல்லை. கொட்சுஜி செட்சுசோ என்ற ஹீப்ரு மொழி அறிஞர் இங்கே வருகிறார். இவர் முன்பு மஞ்சூரிய ரயில்வேயில் மட்சுவோகாவின் கீழ் வேலை பார்த்தவர். அவரிடமே போய்க் கேட்டபோது, தங்கும் காலத்தை நீட்டிப்பது உள்ளூர்ப் போலீஸின் அதிகாரம், அவர்களைச் சம்மதிக்க வைத்தால் அமைச்சகம் கண்டுகொள்ளாது என்ற யோசனை கிடைத்ததாகக் கொட்சுஜி எழுதியிருக்கிறார். கோபே போலீஸாரை விருந்துக்கு அழைத்துப் பழகி, நீட்டிப்பு வாங்கித் தந்தார். டோக்கியோவிலிருந்த போலந்துத் தூதர் டடேயுஷ் ரோமர் கனடா, ஆஸ்திரேலியா, பாலஸ்தீனம் என்று கிடைத்த இடங்களுக்கெல்லாம் அனுமதி தேடித் தந்தார். எங்கும் இடம் கிடைக்காத ஏறத்தாழ ஆயிரம் பேரை 1941-ல் ஜப்பான் ஷாங்காய்க்கு அனுப்பியது. அவர்களில் மிர் யெஷிவா என்ற வேதக் கல்விக்கூடத்தின் மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் முந்நூறு பேர் உண்டு. ஐரோப்பாவின் பெரிய யெஷிவாக்களில் ஏறக்குறைய முழுதாகப் பிழைத்தது அது ஒன்றுதான்.

ஆறாயிரம் என்ற எண்ணுக்கு வருகிறேன். பட்டியலில் 2,140 பேர். ஒரே விசாவில் மனைவி, குழந்தைகள் சேர்ந்து போயிருக்கலாம் என்பதால் மூன்றால் பெருக்கி ஆறாயிரம் என்கிறார்கள். பெருக்கல் இவ்வளவு எளிதில்லை. பட்டியலில் பலர் தனி ஆட்கள், யெஷிவா மாணவர்கள். பலர் கிளம்பவே இல்லை. மறுபக்கம், சுகிஹாரா போன பிறகு போலந்து ரகசிய இயக்கத்தினர் அவருடைய முத்திரையை நகலெடுத்து வில்னியுஸில் போலி விசாக்கள் தயாரித்தார்கள்; அவற்றிலும் ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். போலந்து யூத அகதிகளாக ஜப்பான் வந்து சேர்ந்தவர்கள் 2,000-க்குச் சற்று மேல். அந்த எண்ணையே நான் நம்பத்தக்கதாக எடுத்துக்கொள்வேன். இரண்டாயிரம் என்பது ஆறாயிரத்தைவிடச் சிறியதே தவிர, சின்ன எண் இல்லை. லித்துவேனியாவின் சொந்த யூதர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சோவியத் குடிமக்கள் ஆக்கப்பட்டதால் இந்த வழியில் அவர்கள் போகவே முடியவில்லை. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தபின் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள்.

நேரடி உத்தரவை நேருக்கு நேர் மீறியவர் என்றால் நான் முதலில் சொல்வது அரிஸ்டீடெஸ் டெ சோசா மென்டெஸ். பிரான்சின் போர்தோ நகரில் போர்ச்சுகலின் துணைத் தூதர். அந்நாட்டுச் சர்வாதிகாரி சலாசாரின் அரசு 1939 நவம்பர் 11 அன்று 14-ஆம் எண் சுற்றறிக்கை அனுப்பியது. நாடற்றவர்கள், நான்சென் பாஸ்போர்ட் (நாடற்ற அகதிகளுக்கான சர்வதேசப் பயண ஆவணம்) வைத்திருப்பவர்கள், ரஷ்யர்கள், சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் ஆகியோருக்குத் தலைநகர் லிஸ்பனைக் கேட்காமல் விசா கொடுக்கக் கூடாது. இங்கே "யூதர்" என்ற சொல்லே இருக்கிறது, வியாக்கியானத்துக்கு இடமில்லை.

1940 ஜூன் நடுவில் பாரிஸ் வீழ்ந்து லட்சக்கணக்கானோர் போர்தோவில் குவிந்தார்கள். இங்கே சங்கிலி சிறியது, ஆனால் நேரம் இன்னும் குறைவு. போர்ச்சுகல் விசா இருந்தால்தான் ஸ்பெயின் கடந்து போக அனுமதி தரும். பெல்ஜியத்திலிருந்து வந்த யூத மதகுரு (ரபி) சைம் குருகரின் குடும்பத்துக்காக அவர் லிஸ்பனைக் கேட்க, மறுத்துவிட்டார்கள். தன் குடும்பத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வெளியே நிற்கும் எல்லோருக்கும் வேண்டும் என்று குருகரும் சொல்லிவிட்டார். சில நாள் படுக்கையில் கிடந்த சோசா மென்டெஸ் ஜூன் 17 அன்று எழுந்து, கேட்பவர் எல்லோருக்கும் விசா என்று அறிவித்தார்.

அதன்பின் அந்த அலுவலகம் நடந்த விதத்தைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டுகளைக் கட்டாக வாங்குவார்கள். ஒருவர் முத்திரை குத்த, துணைத் தூதர் கையெழுத்துப் போடுவார். முழுப்பெயர் எழுத நேரமில்லை, "மென்டெஸ்" என்று மட்டும். கட்டணம் வாங்குவதை நிறுத்தினார்கள். பதிவேட்டில் பெயர் எழுதுவதும் ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு அவரே தெற்கே உள்ள பயோன் நகருக்குப் போய், தயங்கிய அங்கிருந்த அதிகாரியின் மேலதிகாரி என்ற உரிமையில் அங்கும் விசா வழங்க வைத்தார். எல்லையூரான ஆந்தேயிலும் எழுதினார். ஜூன் 24 வாக்கில் லிஸ்பன் அவர் அதிகாரத்தைப் பறித்தது. மாட்ரிடிலிருந்த போர்ச்சுகல் தூதர் எல்லைக்கே வந்து, இந்த விசாக்கள் செல்லாது என்று ஸ்பெயின் அதிகாரிகளிடம் சொன்னார். அதற்குமுன் கடந்தவர் பிழைத்தார். பின்னால் வந்தவருக்கு எல்லை மூடியது. கௌனாஸில் டோக்கியோவால் செய்ய முடியாததை, தூரம் குறைவு என்பதாலேயே லிஸ்பனால் இங்கே செய்ய முடிந்தது.

முப்பதாயிரம் விசா என்று சொல்லப்படுவது உண்டு. கிடைத்திருக்கும் பதிவேட்டின்படி 1940 ஜனவரி 1 முதல் ஜூன் 22 வரை 2,862. அதில் 1,575 ஜூன் 11-க்குப் பிறகு. பதிவு நின்றுபோன நாட்களும், பயோன், ஆந்தேயில் எழுதியவையும் இதில் முழுதாக அடங்காது. உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது.

வியன்னாவில் ஹோ ஃபெங்-ஷான் கண்டுபிடித்த ஓட்டை வேறு மாதிரி. 1938 மே முதல் அங்கே சீனாவின் தலைமைத் துணைத் தூதர். ஷாங்காயில் இறங்க அப்போது விசாவே தேவையில்லை. ஆனால் நாட்டைவிட்டுப் போவதற்கு ஆதாரம் காட்டினால்தான் நாஜிகள் வெளியேற விடுவார்கள், டாக்காவ் வதைமுகாமிலிருந்தும் விடுவிப்பார்கள். அந்த ஆதாரமாகத்தான் அவர் ஷாங்காய் விசாவை அள்ளிக் கொடுத்தார். மீதமிருக்கும் விசாக்களின் வரிசை எண் 1938 ஜூனில் 200-ஐ ஒட்டியும், அக்டோபர் இறுதியில் 1,900-ஐத் தாண்டியும் இருக்கிறது. அதை வாங்கிய எல்லோரும் ஷாங்காய் போகவில்லை. அதைக் காட்டி வெளியேறி வேறு நாடுகளுக்குப் போனவர்களும் உண்டு. பெர்லினிலிருந்த அவருடைய தூதர் நிறுத்தச் சொல்லியும் தொடர்ந்தார். 1939-ல் பணிப்பதிவேட்டில் கரும்புள்ளி விழுந்தது.

புடாபெஸ்டில் 1944-ல் நிலைமை முற்றிலும் மாறியது. வெளியேறவே வழியில்லை, உள்ளேயே காப்பாற்ற வேண்டும். மே 15 முதல் ஜூலை 9 வரை மட்டும் ஹங்கேரியிலிருந்து சுமார் 4,37,000 யூதர்கள் நாடுகடத்தப்பட்டிருந்தார்கள். சுவிஸ் துணைத் தூதர் கார்ல் லுட்ஸ், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் நலன்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். பாலஸ்தீனத்துக்குப் போக 8,000 பேருக்கு அனுமதி என்று அதிகாரிகளிடம் பேசி வாங்கினார். பிறகு அந்த 8,000 என்பதை ஆட்களாக எண்ணாமல் குடும்பங்களாக எடுத்துக்கொண்டார். ஆயிரம் ஆயிரம் பெயராகக் கூட்டு பாஸ்போர்ட். பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் "இவர் கூட்டு பாஸ்போர்ட்டில் உள்ளவர், ஆகவே செல்லுபடியாகும் பாஸ்போர்ட் உடையவராகக் கருத வேண்டும்" என்று ஒரு பாதுகாப்புக் கடிதம். கடித எண்கள் 1 முதல் 8,000 வரை மட்டுமே. முடிந்ததும் மறுபடி 1 முதல். எந்தக் கடிதத்தைத் தனியாகச் சோதித்தாலும் எண் வரம்புக்குள்தான் இருக்கும். வடாஸ் தெருவிலிருந்த கண்ணாடி வியாபாரியின் கட்டடம் உட்பட 76 வீடுகளை சுவிஸ் பாதுகாப்பில் வைத்தார்.

இதில் கோளாறு வந்த இடமும் உண்டு. கடிதம் நன்றாக வேலை செய்ததால் யூத இளைஞர் இயக்கத்தினர் அதைப் பல்லாயிரக்கணக்கில் அச்சடித்தார்கள். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகியதும் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சி எல்லாக் கடிதத்தையும் சந்தேகித்தது. நவம்பரில் ஓபுடா செங்கல் சூளையில் அடைக்கப்பட்டவர்களிடையே எது அசல், எது போலி என்று பிரித்துச் சொல்லும்படி லுட்ஸையும் அவர் மனைவி கெர்ட்ரூடையும் கட்டாயப்படுத்தினார்கள். மறுத்தால் அசல் கடிதங்களும் செல்லாது என்ற நிலை. அவர்கள் பிரித்தார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு தாள் போட்ட மனிதருக்குத் தாளின் எல்லை எது என்று அங்கே தெரிந்தது.

ரவுல் வாலென்பெர்க் பெயரையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அவருடைய வீரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் யூதர்களைக் காப்பதற்கென்றே சுவீடன் அவரை 1944 ஜூலையில் அனுப்பியது. உத்தரவை மீறியவர் என்ற தலைப்பில் அவர் வரமாட்டார்.

தண்டனை பற்றிக் கேட்டீர்கள். சோசா மென்டெஸுக்கு 1940 அக்டோபர் 30 அன்று சலாசார் தீர்ப்பெழுதினார்: ஓராண்டு அரைச் சம்பளத்தில் பணியில்லாமல் இருக்க வேண்டும், பிறகு கட்டாய ஓய்வு. பெரிய குடும்பம், கடன், 1954-ல் லிஸ்பனில் ஏழையாக இறந்தார். போர்ச்சுகல் நாடாளுமன்றம் 1988-ல்தான் அவருக்கு நீதி வழங்கியது. லுட்ஸ் நாடு திரும்பியதும் அதிகார வரம்பை மீறியதாகக் கண்டிக்கப்பட்டார். சுகிஹாரா சோவியத் முகாமில் அடைபட்டு 1947-ல் ஜப்பான் திரும்பியதும் வேலையை இழந்தார். விசா விவகாரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். போருக்குப் பிந்தைய ஆட்குறைப்பு என்கிறது அமைச்சகத்தின் கணக்கு. 1984-ல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாட் வாஷெம் அவரை அங்கீகரித்தது, இரண்டாண்டில் இறந்தார்.

ஸ்வார்டென்டைக் 1940-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்த சொந்த நாட்டுக்கே திரும்பிப் போய், பிலிப்ஸ் வேலையில் சேர்ந்து, யாரிடமும் வாய் திறக்காமல் போர் முழுதும் இருந்தார். 1964-ல் டச்சு வெளியுறவு அமைச்சக அதிகாரி ஒருவர் அவரை அழைத்து, விதிப்படி நடக்கவில்லை என்று கண்டித்தார். 1976-ல் அவர் இறந்தபோது, தான் ஸ்டாம்ப் குத்தி அனுப்பியவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. டச்சு அரசு அவருடைய பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டது 2018-ல். அதே ஆண்டு கௌனாஸில், அவர் ரேடியோ விற்ற லைஸ்வேஸ் அலேயா தெருவில், நெதர்லாந்து மன்னர் வந்து அவருக்கு ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார்.